ஏழாவது தாள்

இராஜபாளையம்,
12.8.1994

என் தங்கத்துக்கு,

நாங்கள் ஜெயித்துவிட்டோம்! ஐந்து வருடத்துக்கு முன் ஐம்பதைத் தாண்டிய நாற்பது பேரின் மூளை அலைகளை எங்கள் ஆஸ்பத்திரி மெஷினில் பதிந்தோமே, ஞாபகமிருக்கிறதா? அன்று யாருக்கும் மறதி கிடையாது. தாள்களில் பெயரும் கிடையாது, எண் மட்டும்தான். அலை மந்தமாக ஓடிய ஏழு தாள்களை, "இவியளுக்குப் பொறவு மறதி நோய் வரும், பாருங்க" என்று டாக்டர் உறையில் போட்டு ஒட்டிவைத்தார்.

இன்று பிரித்துப் பெயர்களோடு ஒத்துப்பார்த்தோம். ஏழில் ஆறு பலித்துவிட்டது! டாக்டர் துள்ளிக் குதிக்காத குறைதான். இனி வீட்டாருக்கு முன்கூட்டியே சொல்லிவிடலாம்!

அந்த ஆறில் வன்னியம்பட்டி பரிபூரணம் அத்தையும் ஒருவர். "ஏட்டி, மண்டைக்குள்ள கரண்ட விட்டுறாத" என்று அன்று அலறினாரே, அவர்தான். அவர் பயம் தெளிய, தலையில் கம்பி ஒட்டுவதற்காக எண்ணெய் போகச் சீயக்காய் தேய்த்துக் குளித்துவிட்டு முதலில் நானே படுத்துக் காட்டினேன். என்னுடைய அந்தத் தாளும் நாற்பதில் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது.

ஏழாவது ஆள் இன்றுவரை நன்றாகத்தான் இருக்கிறாள். உனக்கு முதல் பல் விழுந்த கிழமைகூட அவளுக்கு ஞாபகமிருக்கிறது.

தைக்கு வருவதாக எழுதியிருந்தாய். புரட்டாசிக்கே வந்துவிடேன்.

உன்னைப் பெற்றவள்