அம்மா தெருத்தெருவாக வைத்த பெயர்

மூன்று மாதம் தேடி எனக்குப் பெயர் கண்டுபிடித்த என் அப்பாவுக்கு,

தேர்தல் முடிந்துவிட்டது. அம்மா தோற்றுவிட்டாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீங்கள் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் முதல் பக்கத்துக்கு வருவீர்கள். எந்தக் கதைப் புத்தகத்தை நீங்கள் ஒழுங்காக முதலிலிருந்து படித்தீர்கள்?

ஆமாம் அப்பா, அம்மாதான் நின்றாள். போன ஐப்பசியில், மோட்டார் ரீவைண்டிங் கடையில் யாருடைய மோட்டாரையோ பாதி பிரித்துப் போட்டுவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீங்கள் போய்விட்டீர்கள். மாசியில் உங்கள் கட்சிக்காரர்கள் நான்கு பேர் வீட்டுக்கு வந்தார்கள். இரண்டு பெரிய கட்சிகளுக்கு நடுவில் யார் கண்ணிலும் படாத மூன்றாவது கட்சி என்று ஊரே கேலி செய்ததே, அதே கட்சிதான்.

"சிதம்பரத்துல அண்ணன் நின்ன எடம். இந்தவாட்டி அண்ணி நின்னாதான் சரியா இருக்கும்" என்றார்கள்.

அம்மா மடியில் பாதி தைத்த ஜாக்கெட் இருந்தது. "எனக்குப் பேசத் தெரியாதுங்களே."

"அண்ணன் ஜாஸ்தியா பேசித்தான் டெபாசிட்டே போச்சு" என்றார் அவர்களில் ஒருவர். நான்கு பேரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அன்றைக்கே எனக்குப் பொறாமை ஆரம்பித்துவிட்டது.

எதற்கெல்லாம் பொறாமைப்பட்டேன் என்று சொன்னால் உங்களுக்கே வெட்கமாக இருக்கும். சின்னத்திலிருந்து தொடங்குகிறேன். உங்களுக்கு என்ன சின்னம் கொடுத்தார்கள்? காலிஃபிளவர். அதைக் கையில் தூக்கிக் காட்டிக்கொண்டு நீங்கள் கடைத்தெருவில் நடந்தபோது, "எவ்ளோண்ணே கிலோ?" என்று கேட்டார்கள். அம்மா விரும்பிக் கேட்டது தையல் மிஷின். கிடைத்ததும் தையல் மிஷின். இது என்ன நியாயம்? எட்டு நாள் கண் விழித்து நீங்கள் எழுதிய தேர்தல் அறிக்கையை யாரும் படிக்கவில்லை. அம்மா ஒரு தெருவுக்குள் நுழைந்து, "என்னா செல்வி, கை இன்னும் டைட்டா இருக்குதா? உள்ள துணி வுட்டுத்தான் தச்சிருக்கேன், எடுத்துக்கினு வா, பிரிச்சுத் தரேன்" என்று சொன்னால் போதும். தெருவே அவளைச் சுற்றி நின்றது.

என்னைக் கடலூருக்கு அனுப்பிவிட்டார்கள். பதினொன்றாம் வகுப்புத் தேர்வு முடிந்த மறுநாளே, பழைய ஊரான ஓ.டி.யில் இருக்கும் அத்தை வீட்டுக்கு, அதாவது உங்கள் தங்கை வீட்டுக்கு. பிள்ளைகளைப் பிரச்சாரத்தில் ஈடுபடுத்தக் கூடாது என்று தேர்தல் விதி இருக்கிறது. அதைப் படித்து அம்மாவுக்குச் சொன்னதே நான்தான். என் அறிவு எனக்கே வினையாக வந்தது. அம்மா ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தபோது நான் அத்தை வீட்டு மொட்டை மாடியில் மிளகாய் காய வைத்துக்கொண்டு, நூலகத்திலிருந்து எடுத்துவந்த புத்தகத்தில் ஒரே பக்கத்தை நான்காவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

அங்கேதான் அந்த வீடியோ வந்தது. அனுப்பியவர் அம்மாவின் தம்பி, நம் மாமா. பிரச்சார வண்டியை ஓட்டுவதும் அவர்தான், வீடியோ எடுப்பதும் அவர்தான். கிள்ளைப் பக்கம் மீனவர் தெரு. வேட்பாளர் வந்தால் பிள்ளையைக் கையில் கொடுத்துப் பெயர் வைக்கச் சொல்லுவார்கள் இல்லையா, அப்படி ஒரு அக்கா தன் குழந்தையை அம்மாவிடம் நீட்டினாள். பெண் குழந்தை. அம்மா வாங்கிக்கொண்டாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். பிறகு மைக்கில் சொன்னாள்.

"நிறைமதி."

எல்லோரும் கை தட்டினார்கள். நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

அப்பா, அது என் பெயர். மூன்று மாதம் எல்லோரும் என்னைப் பாப்பா என்றே கூப்பிட, கிடைத்த பெயரையெல்லாம் வேண்டாம் வேண்டாம் என்று தள்ளிவிட்டு நீங்கள் தேடிய பெயர். எங்கள் வகுப்பில் மூன்று ஸ்ருதி, இரண்டு தர்ஷினி. நிறைமதி பள்ளிக்கூடம் முழுவதற்கும் ஒருத்திதான். நீங்கள் விட்டுப்போனதில் என்னுடையது மட்டும் என்று சொல்ல எனக்கு வேறு என்ன இருக்கிறது? கடையை வேறு ஒருவர் எடுத்துக்கொண்டார். உங்கள் கட்சி வேட்டியைக்கூட மாமா கட்டுகிறார்.

ஒன்றோடு நிற்கவில்லை. பத்து நாளில் ஐந்து குழந்தைகள், ஐந்து நிறைமதிகள். ஆண் பிள்ளை வந்தால் தலைவர் பெயரை வைக்கச் சொல்லிக் கட்சியில் தாளில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். பெண் பிள்ளைக்கு என்ன பெயர் என்று ஒருவருக்கும் யோசிக்கத் தோன்றவில்லை. அதற்கு என் பெயர்தானா கிடைத்தது?

"நல்ல பேருன்னுதானே வக்கிறா? அதுக்குப் போயி மூஞ்சிய தூக்கி வச்சிக்கினு உக்காந்திருக்க" என்றாள் அத்தை.

"உங்க பேர வச்சா சும்மா இருப்பீங்களா அத்த?"

"எம் பேரா? பச்சையம்மான்னு எவ வச்சிப்பா இப்ப?" என்று அத்தை சிரித்த சிரிப்பில் மாடி வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தையிடம் சொல்லிவிட்டுச் சிதம்பரம் பஸ் ஏறினேன். சண்டை போடுவதற்கென்றே போனேன். பஸ்ஸில் வரும்போதே என்னென்ன கேட்க வேண்டும் என்று வரிசைப்படுத்தி வைத்திருந்தேன்.

மாமா போனில் சொன்னபடியே பரங்கிப்பேட்டை ரோட்டில் ஒரு புளியமரத்தடியில் குட்டியானை வண்டி நின்றிருந்தது. அம்மா வண்டியின் பின்பக்கம் கால் தொங்கவிட்டு உட்கார்ந்து தயிர் சாதப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். வெயிலில் கறுத்துப் போயிருந்தாள். என்னைப் பார்த்ததும் பாதிச் சோற்றை எனக்கு ஒதுக்கினாள்.

"நோட்டீஸ் கீட்டீஸ் எதையும் கையால தொடாத, கேஸாயிடும்" என்றார் மாமா.

நான் நேராக அம்மாவிடம் போனேன். "ஏம்மா ஊருல இருக்கற புள்ளைங்களுக்கெல்லாம் எம் பேர வக்கிற?" என்று கேட்டேன். வரிசைப்படுத்தியதில் மிச்சமெல்லாம் மறந்துவிட்டது.

அம்மா சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். "வேணும்னேவா வக்கிறேன்? கொழந்தைய கையில குடுத்துட்டு நூறு பேரு வாயப் பாக்குறாங்கடி. எனக்கு ஒடம்பெல்லாம் ஒதறுது. அதான் வாயில வருது."

"வேற பேரே வராதா? அப்பா எனக்குன்னு தேடி வச்ச பேரு அது."

"எல்லாம் தெரியும். நானுந்தான கூட இருந்தேன்."

"அப்ப ஏன் தூக்கித் தூக்கிக் குடுக்கற?"

அம்மா பொட்டலத்தை ஓரமாக வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "நான் உன்னக் கூப்புடலடி. பதினாறு வருஷமா நான் பயந்தா யாரக் கூப்புடுவேன்? ராத்திரி கரண்டு போனா, அடுப்புல எண்ண பத்திக்கிட்டா, ஒனக்கு ஜொரம் வந்தா, என்னான்னு கத்துவேன்?"

எனக்குத் தெரியும் அப்பா. உங்களுக்கும் தெரியும். நிறைமதிப்பா. ஏங்க என்றுகூட உங்களை அவள் அதிகம் கூப்பிட்டதில்லை. புருஷன் பெயரைச் சொல்லாத ஊரில் வளர்ந்தவள். எனக்குப் பெயர் வைத்த நாளிலிருந்து உங்களுக்கு அதுதான் பெயர்.

"கூட்டத்தப் பாத்ததும் அவருதான் வாயில வராரு" என்றாள் அம்மா. "பாதியிலயே சுதாரிச்சிக்கிட்டு 'அப்பா'வ முழுங்கிடறேன். மிச்சம் ஒம் பேருதான் நிக்குது. நான் என்னா பண்ணட்டும்?"

மாமா வண்டி டயரைப் பார்ப்பதுபோல் அந்தப் பக்கம் போய்விட்டார்.

இதைக் கேட்டதும் எனக்குக் கோபம் போயிருக்க வேண்டும். புத்தகத்தில் வரும் பெண்ணாக இருந்தால் ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொண்டிருப்பாள். எனக்கு என்ன ஆனது தெரியுமா? பொறாமை இடம் மாறியது. அந்த ஐந்து குழந்தைகளை விட்டுவிட்டு உங்கள்மேல் வந்தது. அவ்வளவு கூட்டத்தில் அவள் தேடியது என்னைக்கூட இல்லை, உங்களை. என் பெயருக்குள்ளேயே நீங்கள்தான் இருந்திருக்கிறீர்கள். அந்தத் தயிர் சாதத்தை நான் தொடவேயில்லை. சொன்னால் நம்புங்கள், உங்கள்மேல் கோபத்தில்.

சாயங்காலம் வண்டி பிச்சாவரம் போகிற வழியில் ஒரு தெருவுக்குள் திரும்பியது. நான் மாமா பக்கத்தில் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். பெண்கள் ஆரத்தித் தட்டோடு வந்தார்கள். ஒரு பெரியவர், "ஏம்மா, ஜெயிக்கிற கட்சியாப் பாத்து நிக்கக் கூடாதா?" என்று கேட்டார்.

"அங்கெல்லாம் எடம் காலியில்லண்ணே" என்றாள் அம்மா. தெரு சிரித்தது.

அப்போது ஒரு அக்கா ஆண் குழந்தையை நீட்டினாள். தலையில் இன்னும் சரியாக முடிகூட இல்லை. மாமா ஜன்னல் வழியாகத் தலைவர் பெயரை உதட்டை அசைத்துக் காட்டினார். அம்மா அவரைப் பார்க்கவில்லை. வண்டியின் முன்பக்கம் வந்து, குழந்தையை என் மடியில் வைத்தாள்.

"எம் பொண்ணுக்குப் பேரு விஷயத்துல எம்மேல கோவம். இந்தப் புள்ளைக்கு அவளே வைக்கட்டும்" என்றாள் அந்த அக்காவிடம்.

தெருவே என்னைப் பார்த்தது. எனக்கு எத்தனை பெயர்கள் தெரியும்! படித்த புத்தகங்களில் பிடித்த பெயர்களை ஒரு நோட்டில் தனியாகவே எழுதி வைத்திருக்கிறேன். அதில் ஒன்றுகூட வரவில்லை. குழந்தை என் விரலைப் பிடித்துக்கொண்டது. வாயில் வந்தது ஒன்றே ஒன்றுதான்.

"கலியமூர்த்தி" என்றேன்.

மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். பின்னாலிருந்து ஒரு பாட்டி, "என்னாடி இது, எங்க மாமனாரு காலத்துப் பேரா இருக்கு" என்றாள். அந்தக் குழந்தையின் அம்மா மட்டும் அதைக் காதில் வாங்கவில்லை. "சரிங்க, அத நீங்களே அவன் காதுல மூணு வாட்டி சொல்லுங்க. அப்பத்தான் பேரு வச்சதா கணக்கு" என்று என் அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்.

அம்மா அப்படியே நின்றாள். அது யாருடைய பெயர் என்று அங்கே மூன்று பேருக்குத்தான் தெரியும். மனுத்தாக்கல் அன்று கணவர் பெயர் என்ன என்று அதிகாரி கேட்டபோதே வாயால் சொல்லாமல் தாளில் விரலை வைத்துக் காட்டியவளாம். மாமா சொல்லிச் சிரித்திருக்கிறார்.

அம்மா குனிந்தாள். முதல் முறை உதடு மட்டும் அசைந்தது. இரண்டாவது முறை மூச்சு வந்தது, சத்தம் வரவில்லை. மூன்றாவது முறை சொல்லிவிட்டாள். கையில் இருந்த மைக்கைக் கீழே இறக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. வண்டிமேல் கட்டியிருந்த இரண்டு ஸ்பீக்கரிலும் உங்கள் பெயர் அந்தத் தெரு முழுவதற்கும் கேட்டது அப்பா.

உங்களுக்குக் கேட்டதா?

வண்டி கிளம்பிய பிறகு மாமா கேட்டார்: "ஏங்கா, தலைவரு பேரு?"

"தலைவருக்கு நெறைய புள்ளைங்க இருக்கு. நீ ரோட்டப் பாத்து ஓட்டு" என்றாள் அம்மா. அதற்கப்புறம் புவனகிரி வரைக்கும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டே வந்தாள்.

மற்ற செய்திகள்: அம்மாவுக்கு மூன்றாவது இடம். டெபாசிட் இந்த முறையும் போய்விட்டது. ஆனாலும் அவளுக்கு உங்களைவிட நிறையவே ஓட்டு. இதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். உங்களுக்காக எனக்கு வலிக்கிறது, ஆனால் நீங்கள் சந்தோஷப்படுவீர்கள் என்று தெரியும். எண்ணிக்கை முடிந்த மறுநாள் காலையில் அம்மா மிஷினுக்கு எண்ணெய் விட்டாள். கட்சிக்காரர்கள் வந்து அடுத்து நகராட்சித் தேர்தல் என்கிறார்கள். அவள் முடியாது என்று இன்னும் சொல்லவில்லை.

நேற்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். "எனக்காக ஒரே ஒரு வாட்டி சொல்லேம்மா, அப்பா பேர."

"போடி அந்தாண்ட. அதுக்கு மைக்கு வேணும்" என்று ஊசியில் நூல் கோத்தாள்.

எனக்கு அந்தக் குழந்தைமேல் இப்போது எவ்வளவு பொறாமை தெரியுமா? யாரென்றே தெரியாத அவனுக்கு மூன்று முறை சொன்னாள். இனி அவன் வீட்டில் தினமும் யாராவது அந்தப் பெயரைக் கூப்பிடுவார்கள். சாப்பிட வாடா என்பார்கள், எங்கடா போயிட்ட என்பார்கள். கூப்பிட்டால் அவன் திரும்பிப் பார்ப்பான். எங்கள் வீட்டில் கூப்பிடவும் ஆளில்லை, திரும்பிப் பார்க்கவும் ஆளில்லை. பிறப்புச் சான்றிதழில் அவர்கள் வேறு நாகரிகமான பெயரைப் போட்டுவிடலாம் என்றும் நினைத்துக்கொள்கிறேன். போட்டுவிட்டால் எனக்கு அழுகை வரும், போடாவிட்டாலும் வரும்.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன் அப்பா. அவனுடைய முதல் பிறந்தநாளுக்கு அந்தத் தெருவுக்குப் போவேன். அம்மாவை இழுத்துக்கொண்டு போவேன். அவனை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன், அவளையும் கூப்பிட வைப்பேன். இனி எத்தனை பெண் குழந்தைகளுக்கு அவள் என் பெயரை வைத்தாலும் சண்டை போட மாட்டேன். பொறாமைப்படாமல் இருப்பேன் என்று மட்டும் சத்தியம் செய்ய முடியாது. அந்தப் பிள்ளைகள் பெயருக்கு முன்னால் அவரவர் அப்பாவின் எழுத்து வரும். இந்த எழுத்தை யாருக்கும் தர மாட்டேன்.

உங்கள் ஒரே மகள்,
க. நிறைமதி