நாற்காலியில் உழைத்தவர்

தம்பிக்கு,

நலமா என்று கேட்டு எழுதவில்லை. நலமாகத்தான் இருப்பாய். தலைமை அலுவலகத்தில் விரலை நசுக்கும் இயந்திரம் எதுவும் கிடையாது.

பாதுகாப்பு விருதுக்கு அனுப்பும் விபத்துக் கணக்கைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடச் சொல்லியிருந்தாய். கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவள், சொந்த அக்கா, மறுக்கமாட்டாள் என்று நினைத்திருப்பாய். பார்த்தேன். மொத்த உழைப்பு நேரத்துக்கு எத்தனை விபத்து என்பதுதான் விகிதம். உங்கள் தொழிற்சாலையில் இந்த ஆண்டு பூஜ்யம்.

அப்படியானால் தகடு அழுத்தும் இயந்திரத்தில் உன் அத்தானின் வலதுகை விரல்கள் இரண்டு பாதியாகப் போனதற்கு என்ன பெயர்?

அடிபட்டவர் அதனால் ஒருநாளாவது வேலைக்கு வராவிட்டால்தான் அது விபத்து என்பது நீ வகுத்த விதி. கையை உயர்த்தி வைத்துப் படுத்திருக்கச் சொன்னார் மருத்துவர். மறுநாள் காலையிலேயே எங்கள் வீட்டு வாசலில் உங்கள் கார் நின்றது. கூட்டிப்போய்க் காவலாளி அறைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அன்றிலிருந்து தினமும் அதேதான். அங்கே என்ன வேலை என்று கேட்டேன். போகிறவர் வருகிறவரை வேடிக்கை பார்ப்பதுதான் என்று சிரித்தார். கூட்டாளிகள் அவரைச் சின்ன முதலாளி என்று கூப்பிட்டு சலாம் போட்டுவிட்டுப் போகிறார்களாம்.

நேரக்கணக்கையும் பார்த்தேன். அந்த நாற்காலியில் அவர் வலியோடு உட்கார்ந்திருந்ததையும் உழைப்பு நேரத்தில் கூட்டியிருக்கிறாய். பூஜ்யத்தை எதால் வகுத்தாலும் பூஜ்யம்தான், உனக்குத் தெரியாததா? ஆனால் தொழிற்சாலை வாசல் பலகையில் 'விபத்தில்லாமல் உழைத்த நேரம்' ஏறவேண்டுமே.

உன்னை ஒரு வார்த்தை சொல்ல அவர் விடுவதில்லை. மச்சான் பேர் கெட்டுவிடக் கூடாது, சும்மா உட்காரத்தானே சொல்கிறார்கள் என்கிறார். நேற்று கட்டைப் பிரித்தபோது சீழ். இனியும் ஓய்வு இல்லையென்றால் மிச்ச விரலையும் எடுக்க வேண்டிவரும் என்று மருத்துவர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

தினமும் காலையில் அவர் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிடுவது நான். இன்று போடவில்லை. இடதுகையால் முயன்றார், முதல் பொத்தானே மாறிப்போனது. அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். வெளியே கார் காத்திருந்தது. போய், வரமாட்டார் என்றேன். அம்மா, என் வேலைக்கு உலை வைக்காதீங்க, வந்து காரிலேயாவது படுத்துக்கட்டும் என்றார் ஓட்டுநர். உங்கள் மேலாளரையே அந்த நாற்காலியில் உட்காரச் சொல்லுங்கள், அவருக்கும் அங்கே வேறு வேலை இருப்பதாகத் தெரியவில்லை என்றேன். சிரித்துவிட்டு, சிரித்ததை யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டு போனார்.

ஆக, இன்று ஒருவர் வேலைக்கு வரவில்லை. உன் பூஜ்யம் போயிற்று. அந்த இடத்தில் ஒன்று என்று எழுதி அனுப்பு, கையெழுத்துப் போடுகிறேன்.

நாளையும் கார் அனுப்புவதாக இருந்தால் அதில் நீயே வா. வாங்க மச்சான் என்று எழுந்து, பழக்கத்தில் வலதுகையைத்தான் நீட்டுவார். பிடித்துக் கொஞ்சம் பார்த்துவிட்டுப் போ.

உன் பத்து விரலும் நன்றாக இருக்கட்டும்.

அக்கா