கட்டையில் ஒரு கன்னம்

ஜூன் 3
துப்பாக்கி சுடும் சங்கத்தின் செயலாளர் கொண்டுவந்த பழைய துப்பாக்கியைப் பிரித்தாயிற்று. குழலும் விசையும் என் பக்கம், மரம் இவர் பக்கம் – கல்யாணமான நாளிலிருந்து எங்கள் பட்டறையில் இதுதான் பாகப்பிரிவினை. தோளில் பதியும் கட்டையை யாரோ பின்னால் அறுத்துக் குட்டையாக்கியிருக்கிறார்கள். துண்டு ஒட்டிப் பழைய நீளத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்கிறார் செயலாளர். இவர் மாட்டேன் என்கிறார். "யாரு வச்சிருந்தாங்கன்னு தெரியாம கை வைக்கக் கூடாது." சரி, தேடட்டும்.

ஜூன் 7
வைத்திருந்தது ஒரு பெண். கட்டையில் பதித்திருந்த வெள்ளித் தகட்டில் இரண்டு எழுத்துகள் இருந்தன; அதை வைத்துச் சங்கத்தில் விசாரித்துவிட்டு வந்தார். குறி பார்த்துச் சுட்டுப் பரிசெல்லாம் வாங்கியவளாம். போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. தகட்டைத் துலக்கிக் கொடுத்தது நான்தான். தேவையா எனக்கு?

ஜூன் 8
கட்டையைத் தடவிக்கொண்டே பேசுகிறார். கன்னம் படும் இடத்தில் மரம் தேய்ந்து குழிந்திருக்கிறதாம். "பாரேன், சின்ன முகம். கை குட்டை. பூ மாதிரி இருந்திருப்பாங்க."

போன வாரம் முடியைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டு வந்து நின்றேன். கதவைச் சாத்தச் சொன்னார். செத்துப்போனவளின் கன்னம் தெரிகிறது, எதிரே நிற்கிறவளின் தலை தெரியவில்லை.

ஜூன் 11
சாப்பிடும்போதும் அவள்தான். "அவங்க மூச்சை அடக்கி நிக்கறது எப்படி இருந்திருக்கும்!" நானும் மூச்சை அடக்கிக்கொண்டுதான் நிற்கிறேன். குடும்பம் நடத்த வேறு வழி?

ஜூன் 12
எனக்குச் சக்களத்தி வந்தாயிற்று. மரத்தில்.

ஜூன் 15
இவர் வெளியே போயிருந்தபோது கட்டையை எடுத்து என் தோளில் வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. கன்னம் அந்தக் குழியில் உட்காரவே மாட்டேன் என்றது. உப்புத்தாள் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. நன்றாகத் தேய்த்தால் குழி போய்விடும், அவளும் போய்விடுவாள் – என்ன புத்தி இது? வைத்துவிட்டேன்.

இவர் வந்ததும் சண்டை. "துண்டை ஒட்டிடுங்க, கேட்டதைச் செஞ்சு குடுங்க" என்றேன். "உனக்கு என்ன ஆச்சு?" என்றார். என்ன ஆச்சாம். வயிறு எரியுது, வேறென்ன ஆகும்?

ஜூன் 19
அவளுடைய தங்கை இருக்கிறார் என்று தெரிந்து இவர் கிளம்பினார். நானும் வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்று கூடவே போனேன்.

சுவரில் போட்டோ. பூவா? ஆறடி உயரம், கதவை அடைத்துக்கொண்டு நிற்கிறாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இவர் முகத்தில் ஈயாடவில்லை.

"அப்புறம் ஏம்மா கட்டையை அவ்வளவு வெட்டினாங்க?" என்று நான்தான் கேட்டேன்.

"சின்ன வயசுல விழுந்து அக்காவுக்கு முழங்கை வளைஞ்சுபோச்சு. நீட்ட வராது. அத்தான்தான் வெட்டிக் குடுத்தாரு. ஒரேயடியா இல்ல – கொஞ்சம் அறுப்பாரு, பிடிச்சுப் பாரும்பாரு, வலிக்குதான்னு கேப்பாரு, மறுபடி அறுப்பாரு. கன்னம் வைக்கிற இடமும் அவரு குடைஞ்சதுதான். அது தேய்மானம் இல்ல. அத்தானுக்குச் சுடவே தெரியாது."

பஸ்ஸில் திரும்பும்போதுதான் புரிந்தது.

இத்தனை நாள் எனக்கு வந்தது பொறாமையே இல்லை. இப்போதுதான் நிஜமானது வந்திருக்கிறது. ஒருவன் அவளை நிற்கவைத்து, வலிக்குதா வலிக்குதா என்று கேட்டுக் கேட்டு அறுத்திருக்கிறான். அவளுக்கு அது கிடைத்திருக்கிறது.

ஜூன் 20
சொல்லிவிட்டேன். தட்டைக் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல். "என்னை யாரு அப்படி அளவு பார்த்தா? ஒரே பட்டறையிலதானே நிக்கறேன்." இவர் தனியாகப் பட்டறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஜூன் 24
செயலாளர் வந்தார். கட்டை ஏன் அப்படியே இருக்கிறது என்று கேட்டார். இவர் வாயைத் திறப்பதற்குள் நானே சொன்னேன்: "அது உடைஞ்சதில்லீங்க. அந்த அளவுதான் சரி." அந்த முழங்கைக் கதையையும் சொன்னேன். முனகிக்கொண்டே எடுத்துப்போனார்.

ஜூன் 27
அரம் போட்டுக்கொண்டிருந்தேன். இவர் டேப்போடு வந்து என் முழங்கையிலிருந்து விரல் நுனிவரை அளந்தார்.

"உனக்குக் கை இவ்வளவு நீளமா?" என்றார். நடிப்பில்லை, நிஜமான ஆச்சரியம். இத்தனை வருஷம் கழித்து.

கோபம்தான் வந்தது. அரத்தைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு கையையும் நீட்டினேன்.