கறுப்பு வயரை முறுக்கியவன் நான்தான்

என் பிரியத்துக்குரிய ஜெயபால் மாப்பிள்ளைக்கு,

நீங்கள் எங்களை விட்டுப் போய் ஒரு வருஷம் முடிந்துவிட்டது. இந்த மே மாதமும் தில்லி அடுப்பாகத்தான் எரிகிறது. நான் ரிட்டயர் ஆகி, ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு முனிர்க்காவில் வாடகைக்கு இருக்கிறேன். என் தங்கை, உங்கள் செல்வி, ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் ஒரு மளிகைக் கடையில் வேலைக்குப் போகிறாள். உங்கள் மகள் கயல் பன்னிரண்டாவது முடித்துவிட்டாள். மார்க் நன்றாக வந்திருக்கிறது.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கேரவனில் தப்பு செய்தது நீங்கள் இல்லை, நான். அது எனக்குப் போன மாதம்தான் தெரிந்தது. உங்களுக்கு அப்போதே தெரியும் என்பதும் போன மாதம்தான் தெரிந்தது. அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, மாப்பிள்ளை.

இந்தக் கடிதத்தை நம் தமிழ்ச் சங்கத்து மலரில் போடச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குத் தீபாவளிச் சாப்பாட்டில் நான் உங்களை ஏசியதைக் கேட்டவர்கள் எல்லாம் இந்த மலரை வாங்குகிறவர்கள். அவர்களும் படிக்கட்டும். அதற்காகவே நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

கோட்லாவில் நீங்கள் வேலை பார்த்த ஷெட்டில் பழைய டெம்போ வண்டிகளைக் கேரவனாக மாற்றினார்கள். உள்ளே கட்டில், அடுப்பு, சின்ன ஃபிரிட்ஜ். பேட்டரி லைன் முழுக்க உங்கள் கை. வண்டியை நிறுத்துகிற இடத்தில் ப்ளக் போட்டு ஓட்டுகிற வீட்டுக் கரண்ட் லைன் மட்டும் உங்களுக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. "மச்சான், ஒரு நாலு ஞாயித்துக்கிழமை வந்து போட்டுக் குடுங்களேன்" என்றீர்கள். அரசாங்க வயர்மேன் வெளிவேலை பார்க்கக்கூடாது என்று தெரிந்தும் வந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஷெட்டில் யாரும் இருக்கமாட்டார்கள். நான் வந்து போனது உங்களுக்கும் செல்விக்கும் மட்டும்தான் தெரியும்.

முதல் நாளே எச்சரித்தீர்கள். "வீட்டு லைனுக்கு பிரவுனும் நீலமும் வாங்கியாறேன் மச்சான். வண்டியில கறுப்புன்னா பேட்டரி மைனஸு. அத வண்டித் தகரத்துலயே போல்ட்டு போட்டிருப்போம். நீங்களும் கறுப்பப் போட்டா எது எதுன்னு தெரியாம வம்பாயிடும்."

நான் கேட்டேனா? என் பையில் சிவப்பும் கறுப்பும் சுருள் சுருளாகக் கிடந்தன. "முப்பது வருஷமா கறுப்புதான் நியூட்ரலு. ஆர்.கே.புரத்துல ஒரு வீடாச்சும் எரிஞ்சுதா? சும்மா இருங்க மாப்பிள்ளை, ஜல்தி முடிப்போம்" என்று உங்கள் வாயை அடைத்தேன். கொழுப்பு. வேறென்ன சொல்ல?

கடைசி ஞாயிறு நீங்கள் டீ வாங்கப் போயிருந்தீர்கள். குவார்ட்டர்ஸ் போர்டுகளில் கறுப்பையெல்லாம் ஒரே பித்தளைப் பட்டையில் சேர்த்து முறுக்குவது வழக்கம். அங்கேயும் என் கை பாட்டுக்கு அதையே செய்தது. என் நியூட்ரலும் உங்கள் பேட்டரி மைனஸும் ஒரே பட்டையில் சேர்ந்துவிட்டன, நான் கவனிக்கவில்லை. ப்ளக் போட்டுப் பார்த்தோம். லைட் எரிந்தது, ஃபேன் ஓடியது, நாம் டீ குடித்தோம்.

தசரா விடுமுறையில் வண்டியின் சொந்தக்காரர் மனைவியோடு ரிஷிகேஷ் பக்கம் போனார். அங்கே இருந்த ப்ளக் பாயிண்டில் லைனும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தன, எர்த்தும் இல்லை. கறுப்பு வயர் வழியாகக் கரண்ட் நேராக வண்டியின் தகரத்துக்கு வந்துவிட்டது. அந்த அம்மா ஈரப் புல்லில் வெறுங்காலோடு நின்று கதவைத் தொட்டார். தூக்கி எறிந்ததில் தோள் எலும்பு முறிந்தது. உயிர் பிழைத்தது யார் செய்த புண்ணியமோ.

வண்டி ஷெட்டுக்குத் திரும்பி வந்தது. நீங்கள் சரி செய்தீர்கள். பிறகு ஷெட் முதலாளி, அந்த மாலிக்கிடம் போய், "கல்தி மேரி ஹை" என்று தப்பை உங்கள் தலையில் போட்டுக்கொண்டீர்கள். பன்னிரண்டு வருஷம் வேலை செய்த இடம். மறுநாளிலிருந்து வரவேண்டாம் என்றார்கள்.

கறுப்பு வயரை மாற்றிப் போட்டதால் வேலை போனது என்று கேட்டதும் எனக்கு வந்தது பரிதாபம் இல்லை, என் லைனில் கை வைத்துவிட்டீர்களே என்ற கோபம். தீபாவளி மத்தியானம் உங்கள் வீட்டில் சொந்தக்காரர்கள் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது கேட்டேன். "அந்த லைன்ல கை வெச்சீங்களா?"

"ஆமா மச்சான். வெச்சுட்டேன்" என்றீர்கள்.

"எந்தக் கறுப்பு எதுன்னு தெரியாத ஆளு நீ! உனக்கெல்லாம் எதுக்குய்யா இந்தத் தொழிலு? ஹாரன் மாட்டத்தான் லாயக்கு!"

கல்யாணமான நாளிலிருந்து உங்களை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். அன்றைக்கு நாக்கு அப்படிப் புரண்டது. கயல் அப்பளத் தட்டோடு பக்கத்தில் நின்றாள். நீங்கள் சிரித்தபடி, "செல்வி, மச்சானுக்கு இன்னொரு வடை வை" என்றீர்கள். நானும் தின்றேன், மாப்பிள்ளை. தின்றுவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு உங்களோடு நான் பேசவே இல்லை.

அப்புறம் நீங்கள் ரோட்டோரத்தில் கார்களுக்கு ஹாரனும் லைட்டும் மாட்டிப் பிழைத்தீர்கள். தலைக்கு மேல் கூரை இல்லாத இடம். மே மாத வெயிலில் ஒரு கார் பக்கத்திலேயே சாய்ந்துவிட்டீர்கள். மாரடைப்பு என்றார்கள். ஷெட்டு வேலை இருந்திருந்தால் இந்நேரம் இருந்திருப்பீர்களோ? எந்த டாக்டரிடம் போய் நான் இதைக் கேட்பது?

போன மாதம் மலை மந்திர் முருகன் கோயிலில் பழக்கமான ஒருவர் சொல்லி, பேட்டரி சார்ஜ் ஏறவில்லை என்று ஒரு கேரவன் என்னிடம் வந்தது. பார்த்தால் அதே வண்டி, கை மாறி வந்திருக்கிறது. பலகையைக் கழற்றினேன். என் கறுப்பு வயர்களையெல்லாம் வெட்டி எடுத்துத் தனிப் பட்டையில் போட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றின் நுனியிலும் நீல டேப். கரண்ட் கசிந்தால் தானே அணைக்கிற லீக்கேஜ் பிரேக்கரும் புதிதாக ஒன்று இருந்தது. பழைய பட்டையில், பேட்டரி கறுப்புக்குப் பக்கத்தில், வெட்டுப்பட்ட என் வயர் நுனி இன்னும் முறுக்கியபடியே இருந்தது. முறுக்குவதற்கு முன் இரண்டு சுற்றுச் சுற்றுவது நான்தான். அந்தச் சுற்று அப்படியே இருந்தது. கறுப்புகளைச் சேர்த்து முறுக்கியவன் நான், பிரித்துச் சரிசெய்தவர் நீங்கள்.

நேராகச் செல்வியின் கடைக்குப் போனேன். உளுந்து நிறுத்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எனக்குத் தெரியும்ணா. வேலை போன அன்னிக்கே சொல்லிட்டாரு. 'மச்சான் ரிட்டயர் ஆக எட்டு மாசம் இருக்கு. வெளிவேலை பாத்தாருன்னு ஆபீசுக்குத் தெரிஞ்சா பென்ஷனுக்கே மோசம். அதுவரைக்கும் வாயத் தொறக்காத. ரிட்டயர் ஆன அன்னிக்கு நானே சொல்லி அவர கேலி பண்ணி ஓட்டறேன்'னாரு. ஒரு மாசம்ணா. இன்னும் ஒரு மாசம் இருந்திருந்தா உங்கள ஓட்டியிருப்பாரு."

"என்ன மன்னிச்சுடும்மா" என்றேன்.

அப்போதுதான் நிமிர்ந்தாள். "எங்கிட்ட ஏன் கேக்கறீங்க? கயலுகிட்ட சொல்லுங்க. அப்பாவுக்குத் தொழில் தெரியாம ஒரு அம்மாவ சாகடிக்கப் பாத்தாருன்னு நெனச்சுக்கிட்டிருக்கா. உங்கப்பா என்ன வேலை பாத்தாருன்னு யாராச்சும் கேட்டா பேச்ச மாத்தறா. அத நான் தெனம் பாத்துக்கிட்டிருக்கேன்."

என்னிடமாவது தனியாகச் சொல்லியிருக்கலாமே, மாப்பிள்ளை? சொன்னால் போய் ஒப்புக்கொண்டுவிடுவேன் என்று பயந்தீர்களா? ஒப்புக்கொண்டிருப்பேனா? சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. பென்ஷனை நினைத்துப் பேசாமல் இருந்திருப்பேனோ என்னவோ. அந்தச் சோதனையைக்கூட எனக்கு வைக்காமல் போய்விட்டீர்கள்.

மாலிக்கைப் பார்த்துச் சொல்லிவிட்டேன். "பஹுத் அச்சா ஆத்மி தா" என்றார், ரொம்ப நல்ல மனுஷன் என்று. கயலிடம்தான் முடியவில்லை. மூன்று தடவை போய், அடுத்து என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். அவள் தில்லியில் பிறந்த பெண். தமிழ் படிக்க வராது. மலரில் எழுதித் தப்பித்துக்கொள்ளவும் எனக்கு வழியில்லை.

வருகிற ஞாயிறு செல்வி சொந்தக்காரர்களை எல்லாம் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறாள், நான் சொல்லித்தான். எல்லோரும் உட்கார்ந்த பிறகு எழுந்து நிற்பேன். "கயலு, உங்கப்பாவுக்குத் தொழில் நல்லாத் தெரியும். அந்த அம்மாவுக்கு அடிபட்டது என்னாலதான். நான் பண்ண தப்ப அவரு சுமந்தாரு. அதுக்கு அவர ஏசினதும் நான்தான்" என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்வேன். அவள் வெளியே போகச் சொன்னால் போவேன். வாசலில் நிற்பேன். அவள் அப்பாவைப் பற்றி என்ன கேட்டாலும், எத்தனை தடவை கேட்டாலும், பதில் சொல்ல உயிர் உள்ளவரை அங்கே நிற்பேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
உங்கள் செல்வியின் அண்ணன்,
உங்கள் மச்சான்
முருகேசன்