எங்க போற?

அன்புள்ள தெராபோவுக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? நான் இங்கே கிறிஸ்மஸ் தீவில் நன்றாகவே சாப்பிடுகிறேன்.

யாராவது உன்னிடம் பெரிதாக்கிச் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். போன வாரம் சூரை பிடிக்கப் போன இடத்தில் என்ஜின் நின்றுவிட்டது. நானும் கூட்டாளி கைத்துவும் மூன்று நாள் மிதந்தோம், அவ்வளவுதான். பச்சை மீன் தின்றோம். தீவு கண்ணுக்கு மறைந்ததும் கைத்து பேச்சை நிறுத்திவிட்டான்; அதுதான் கஷ்டமாக இருந்தது.

மூன்றாம் நாள் உச்சிவெயிலில் ஒரு கப்பல் நேராக எங்கள்மேல் வந்தது. சட்டையைக் கழற்றி வீசினேன். மேல்தட்டிலிருந்து நம் மொழியில் ஒரு குரல், ஊர்ப்பாதையில் எதிரே வருகிறவன் கேட்பது போலவே:

"ஏய், ரெண்டு பேரும் எங்க கிளம்பிட்டீங்க?"

கைத்து பழக்கதோஷத்தில், "சும்மா, தெக்கால" என்றான்.

"தெக்கு அந்தப் பக்கம்டா, கிறுக்கா! கயித்தப் பிடி."

நானும் சிரித்தேன். கயிற்றைப் பிடித்துப் படகின் முனையில் இறுகக் கட்டினேன்.

அடுத்த கப்பலில், படகில் வைத்துக்கொள்ள ஒரு விசிலும் முகம் பார்க்கும் கண்ணாடியும் அனுப்பு. மூத்தவனைக் காயலைத் தாண்ட விடாதே. காரணம் சொல்ல வேண்டாம்.

கடிதம் கொண்டுபோகிறவர் அவசரப்படுத்துகிறார். என்ஜினைச் சரிசெய்துவிட்டார்கள், நாளை அதே படகுதான். வழியில் பார்க்கிறவர்கள் "எங்க போற?" என்று கேட்டால் முன்பெல்லாம் "கடலுக்கு" என்பேன். இப்போது ஐந்து நாளாக, கரையோரம் மீன் பிடிக்கத் தூண்டிலோடு போகும்போதுகூட, "வீட்டுக்கு" என்று சொல்லிவிடுகிறேன்.

உன்,
பரானிக்கோ