யாழ்ப்பாணத்தில் போட்ட இலை

வெள்ளவத்தை, கொழும்பு
18.2.1996

அன்புள்ள ருக்கு,

சுகமாக இருக்கிறாயா? எட்டு வருடமாக நீ எழுதவில்லை, நானும் எழுதவில்லை. இப்போது எழுதுவது ஓர் உதவிக்கு. சுற்றி வளைக்காமல் கேட்டால்தான் உனக்குப் பிடிக்கும்.

ஐப்பசியில் யாழ்ப்பாணத்துக்காக மறுபடியும் பெரிய சண்டை. அரசாங்கப் படை நெருங்குகிறது என்று ஊர் முழுவதும் ஒரே தெருவில், மழையில், நடந்தே வெளியேறியது. நானும் நடந்தேன். இரண்டு பக்கமும் செத்த பிள்ளைகளுக்குக் கணக்கில்லை என்கிறார்கள். சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிடந்துவிட்டு, இப்போது இங்கே தங்கை மகளோடு இருக்கிறேன். ஐந்து பேருக்கு ஒரே அறை. "பெரியம்மா, எத்தனை நாளைக்கு நிற்பியள்?" என்று அவள் புருசன் அன்பாகத்தான் கேட்கிறான்.

லண்டனில் இருக்கும் தம்பி என்னை அழைத்துக்கொள்ளும் வரை உன் வீட்டில் ஒரு மூலை தருவாயா? உன் மகன் வாசுவின் உயிர் எங்கள் ஊரில்தான் போனது என்பதை மறந்து கேட்கவில்லை.

உன்
மலர்

*

மல்லேஸ்வரம், பெங்களூர்
9.3.1996

அன்புள்ள மலர்,

கடிதம் கிடைத்தது. ஓரம் விடாமல் எழுதும் பழக்கம் இன்னும் போகவில்லை. நம் கான்வென்ட் மதர் பெர்னடெட் பார்த்திருந்தால் கிழித்துப் போட்டுவிட்டுத் திரும்ப எழுதச் சொல்லியிருப்பார்.

வா. என் வீட்டுக்காரர் காலமான பின் மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. ஆனால் சிலவற்றை முன்பே சொல்லிவிடுவது நல்லது.

போலீஸில் பதிய வேண்டியதை முறையாகப் பதிவோம். அக்கம்பக்கத்துக்கு நீ திருநெல்வேலி உறவு. 'ஓம்' என்று சொல்லாதே, 'ஆமாம்' என்று சொல். இங்கே காலம் சரியில்லை. பக்கத்து வீட்டு கோவிந்தப்பா எதையும் கேட்காமல் விடமாட்டார்.

அக்டோபரில் வாசுவின் நாளன்று ரெஜிமென்ட்டிலிருந்து மாலையோடு வருவார்கள். எண்பத்தேழில் நம் ராணுவம் உங்கள் ஊரைப் பிடிக்கப் போனபோது உயிர்விட்ட கேப்டனின் வீடு இது. அன்று ஒரு நாள் நீ மாடியை விட்டு இறங்காமல் இருக்க வேண்டும். கோபித்துக்கொள்ளாதே. என்னால் முடிந்தது இவ்வளவுதான்.

இப்படிக்கு
ருக்மிணி சுந்தரேசன்

*

வெள்ளவத்தை
28.3.1996

அன்புள்ள ருக்கு,

'ஆமாம்' சொல்லிப் பழகுகிறேன். திருநெல்வேலிக்காரியாகவும் இருந்துவிடலாம். இந்த வயதில் யாராக இருந்தால் என்ன?

ஒன்றுதான் முடியாது. சண்டை தொடங்குமுன் நீ கொடுத்தனுப்பிய மைசூர்பாக்கோடு வாசு எங்கள் வீட்டுக்கு வந்தானே, "ஆன்ட்டி, நீங்க கணக்குல ரொம்ப வீக்னு அம்மா சொன்னாங்க" என்றான். நாற்பது வருடம் கணக்குப் படிப்பித்த என் புருசன், மாஸ்டர், விழுந்து விழுந்து சிரித்தார். பேந்து, கொஞ்ச நாளிலேயே, சண்டை. வீடு வீடாகத் தேடி வந்த உங்கள் படையின் தமிழ்ச் சிப்பாய் ஒருவன்தான் வாசு போய்விட்டதைச் சொன்னான். வெளியே வெடிச்சத்தம் ஓயவில்லை. வாசுவுக்குப் படைக்க மாஸ்டர் என்னை இலை போடச் சொன்னார். "ஆரின்ர படையெண்டால் என்ன, எங்கட வீட்டில சாப்பிட்ட பிள்ளை" என்றார். அடுத்த கிழமை கிணற்றடியில் ஷெல் விழுந்து அவரும் போனார்.

அதிலிருந்து ஒவ்வோர் ஐப்பசியிலும் இரண்டு இலை போட்டுப் படைக்கிறேன். உன் வீட்டிலும் அதற்கு இடம் வேண்டும். அந்த நாளில் என்னால் ஒளிந்திருக்க முடியாது.

மலர்

*

மல்லேஸ்வரம்
14.4.1996

மலர்,

உன்னை யார் செய்யச் சொன்னார்கள்?

வாசு கல்யாணம் ஆகாதவன். அவன் அப்பா இருந்தவரை திதி செய்தார். பிறகு திதி பண்ணிவைக்கும் வாத்தியாரைக் கேட்டேன். "தாயாருக்கு அதிகாரமில்லை மாமி, செய்யப்படாது" என்று சொல்லிவிட்டார். விதி என்றால் விதி. நானும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பெற்றவள் போடக்கூடாத இலையை, அவனைச் சுட்ட ஊரில் இருந்துகொண்டு நீ போடுகிறாயா? எந்தத் தெருப் பையன் சுட்டான் என்று உனக்குத் தெரியாமலா இருக்கும்?

என் வீட்டில் யாருக்கும் இலை போட வேண்டாம். சம்மதமானால் வா.

ருக்மிணி சுந்தரேசன்

*

வெள்ளவத்தை
22.5.1996

அன்புள்ள ருக்கு,

யார் சுட்டதென்று எனக்குத் தெரியாது. எங்கள் கிணற்றடிக்கு ஷெல் அடித்தது யாரென்றும் தெரியாது. அதை நான் உன்னிடம் ஒருநாளும் கேட்கவில்லை.

சனம் ஊருக்குத் திரும்புகிறது. கப்பல் விட்டதும் நானும் போகிறேன். வீட்டுக்குக் கூரை இல்லையாம், சமைக்கிற குசினி மட்டும் நிற்கிறதாம். இரண்டு இலை போட எனக்கு அது காணும்.

கோபமில்லை, ருக்கு. களைப்புத்தான்.

மலர்

*

மல்லேஸ்வரம்
2.11.1996

அன்புள்ள மலர்,

உன் பழைய யாழ்ப்பாண விலாசத்துக்கே அனுப்புகிறேன். தபால் போகுமோ என்னவோ.

போன மாதம் ரெஜிமென்ட்டிலிருந்து வந்திருந்தார்கள். இந்த முறை புதுக் கர்னல், தஞ்சாவூர்க்காரர். படத்துக்கு மாலை போட்டுவிட்டுக் காபி குடிக்கும்போது, "வீட்டில் திதி யார் செய்கிறார்கள், அம்மா?" என்று கேட்டார்.

"இங்கே யாரும் இல்லை. யாழ்ப்பாணத்தில் செய்கிறார்கள்" என்றேன்.

கர்னல் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். கோவிந்தப்பா சும்மா இருப்பாரா? "யாரும்மா அங்கே, நமக்குத் தெரியாம?" என்றார்.

"என் சிநேகிதி. அவள் புருஷனும் அதே சண்டையில்தான் செத்தார்" என்றேன். அவர்கள் போனதும் கதவைச் சாத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு இன்னும் இலை போடத் துணிச்சல் வரவில்லை. நீயே போடு. பாகற்காய் வைக்காதே, அவன் தொடமாட்டான். உருளைக்கிழங்கைப் பொடியாக நறுக்கி முறுக வதக்கு. உன் அவசரத்துக்குப் பெரிது பெரிதாக நறுக்கிப் போடாதே.

ருக்கு