கல்வெட்டில் ஒரு மனைவி

இன்று மனுகாவ் மண்டபத்தில் உன் கல்வெட்டைக் கொடுத்தார்கள். செத்தவரின் படமும் பாட்டும் போட்ட அந்த முப்பத்தோராம் நாள் புத்தகம்தான். அச்சுமை வாசனை இன்னும் விரலில் இருக்கிறது. அட்டையில் நீ முதல் விசாவுக்கு எடுத்த படம், மீசையோடு. கீழே, பெண்ணாக வாழத் தொடங்கிய அன்றே நீ கைவிட்ட பெயர்.

சேலை கட்டி நீ நிற்கிற படங்கள் உன் அண்ணரிடம் இல்லாமலா? இருக்கின்றன. வெட்கங்கெட்ட மனிதர்.

மூன்றாம் பக்க வெண்பாவைப் பார்த்ததும் சிரிப்புத்தான் வந்தது. 'இல்லாளை ஏங்கவிட் டேகினையே' என்று இருந்தது. எடி, உனக்கு எப்போதடி கலியாணம் நடந்தது?

பிறகுதான் பிடிபட்டது. அது நீ எழுதிய பாட்டு. தெருமுனையில் டெயரி என்கிற சில்லறைக் கடை வைத்திருந்த கடைக்காரர் செத்தபோது அவருடைய மகன் உன் ஃபிளாட்டுக்கு வந்தானே, அன்றைக்கு எழுதியது. வெண்பா எழுத இந்த ஊரில் உன்னை விட்டால் ஆளில்லை. ஆனாலும் அவன் வாசற்படி தாண்டவில்லை. "தேத்தண்ணி வேண்டாம், இப்பதான் குடிச்சனான்" என்றான். பாட்டை வாங்கிப் போய் உன் பெயர் போடாமல் அச்சடித்தான். நீ கோப்பையைக் கழுவிக்கொண்டே சொன்னாய்: "என்ர தேத்தண்ணி தீட்டு. என்ர வெண்பா தீட்டில்லை."

"என்ர கல்வெட்டை நானே எழுதிவைக்க வேணும். விட்டா மீசை வைச்சு அனுப்புவாங்கள்" என்றும் சொன்னாய். எழுதினாயா? சோம்பேறி.

உனக்குப் பாட்டெழுத ஆள் கிடைக்காமல் பழைய கல்வெட்டைக் கிளறி, கடைக்காரர் பெயரை எடுத்துவிட்டு அந்தப் பழைய பெயரைச் சொருகியிருக்கிறார்கள். அவருடைய மனைவியை எடுக்க மறந்துவிட்டார்கள். இவர்கள்தான் இங்கே தமிழ் வளர்க்கிறார்களாம். தூ!

உன் அண்ணர் வடையோடு என் மேசைக்கு வந்தார். "பாட்டு நல்லா இருக்கென்ன? ஆர் எழுதினதெண்டுதான் தெரியேல்ல."

"செவ்வந்தி எழுதினது" என்றேன், மண்டபத்துக்கே கேட்க.

பக்கத்தில் இருந்தவர், "அது ஆர்?" என்றார்.

"இவற்ற தங்கச்சி. இண்டைக்கு அவளுக்குத்தான் முப்பத்தொண்டு."

அண்ணர் வாய் வடையோடு நின்றது. நான் கையைக் கழுவிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அட்டையில் அந்தப் பெயரைப் பேனையால் வெட்டினேன். பாட்டில் இருந்த மனைவியை வெட்டவில்லை, நீ சிரிப்பாய் என்று விட்டுவைத்தேன். எனக்கு வெண்பா வராதடி. வெட்டிய இடத்துக்கு மேலே 'செவ்வந்தி' என்று எழுதினேன். அது எனக்கு வரும்.